அனிச்சை என்னும் சொல்லும் தலையற்ற தவளையும்

நம் இலக்கிய உரையாடல்களுக்குள் அறிவியல் நுழையும் விதம் குறித்து நமக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அது முழுதாக வருவதில்லை. வாதத்தின் இறுதியில் எதிராளியின் வாயை அடைக்க எறியப்படும் கல்லாகவே வருகிறது. காதல் கவிதை ஒன்றைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும், ஒருவர் எழுந்து, "இதெல்லாம் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், ஐயா. தலையை வெட்டிய தவளைகூடத் தன் இணையைத் தழுவிக்கொண்டுதான் இருக்கும்" என்பார். அவை ஒரு கணம் வாயடைத்துப்போகும். சொன்னவருக்கு அறிவியல்வாதி என்ற பட்டம் கிடைக்கும். தவளையை அறுத்தவர் யார், எந்தக் கேள்விக்கு விடை தேடி அறுத்தார், என்ன கண்டார் என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு எதிர்த்தரப்பும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இவ்வாராய்ச்சியே ஆபாசம். எலிகளின் புணர்ச்சியை எண்ணிக்கொண்டிருப்பதற்கா பல்கலைக்கழகங்கள் என்று முகம் சுளிப்பார்கள். இதைத் தமிழில் எழுதுவது மொழியின் தூய்மைக்கே இழுக்கு என்பார்கள். முதல் தரப்பு அறிவியலின் பெயரால் காமத்தைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாம் தரப்பு காமத்தின் பெயரால் அறிவியலைச் சிறுமைப்படுத்துகிறது. இரு தரப்பும் ஒரே முன்முடிவிலிருந்து கிளம்புகின்றன என்பது நம் துணிபு. உடல் கீழானது, தலை மேலானது. கீழே நிகழ்வதற்குப் பொருள் இல்லை என்பதே அம்முன்முடிவு. ஆய்வகங்கள் இரண்டரை நூற்றாண்டுகளாகக் கண்டவை அதற்கு இடம் தரவில்லை.

*

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'அனிச்சைச் செயல்' என்று சொல்வதை ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் 'ரிஃப்ளெக்ஸ்' என்கின்றன. அதன் லத்தீன் வேருக்குப் பின்னோக்கி வளைதல், திரும்புதல் என்று பொருள். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்புவதுபோல, உடலின் விளிம்பிலிருந்து உள்ளே சென்ற ஒரு தூண்டல் நரம்பு மையத்தில் பட்டுச் செயலாகத் திரும்புகிறது என்னும் உருவகம் அது. திரும்பும் வழியில் விருப்பம் இருந்ததா இல்லையா என்பது பற்றி அச்சொல் ஒன்றும் சொல்வதில்லை. நாமோ அதை 'அன் இச்சை' ஆக்கினோம். இச்சையின்மை என்று அதற்குப் பெயரிட்டுவிட்டு, "காமம் வெறும் அனிச்சை" என்று முழங்குகிறோம். இச்சை என்பது இச்சையின்மை என்று சொல்வதில் உள்ள அபத்தம் நம் காதில் விழுவதே இல்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதையே 'தெறிவினை' என்கின்றன. பட்டுத் தெறிக்கும் வினை. தீர்ப்பு எதையும் ஒளித்து வைத்திராத சொல். எனவே இக்கட்டுரையில் இனித் தெறிவினை என்றே எழுதுவோம்.

இப்போது தவளைக்கு வருவோம். ஆண் தவளை பெண்ணின் மேல் ஏறி, முன்னங்கால்களால் இறுக்கிப் பற்றி, அது முட்டையிடும்வரை விடாமல் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இத்தாலியப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான ஸ்பல்லான்சானி, இப்படிப் பற்றியிருந்த ஆண் தவளைகளின் கால்களை வெட்டியும், தலையைத் துண்டித்தும் பார்த்தார்; பிடி தளரவில்லை என்று எழுதினார். ஜெர்மானிய உடலியங்கியலாளர் ஃப்ரீட்ரிக் கோல்ட்ஸ் 1860களில் இன்னும் ஒரு படி சென்றார். தலையும் வயிறும் பின்னங்கால்களும் நீக்கப்பட்டு, மார்புப் பகுதியும் முன்னங்கால்களும் அவற்றிற்குரிய தண்டுவடத் துண்டும் மட்டுமே எஞ்சிய நிலையிலும், மார்புத் தோலைத் தொட்டால் அக்கால்கள் மடங்கித் தழுவின. இனப்பெருக்கப் பருவத்தில்தான் இது நடந்தது என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. அத்துண்டுக்கும் ஒரு பருவம் இருந்தது. குருதி வழியே உடல் முழுதும் பரவிய ஒரு காலக்கணக்கு அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

அந்நாட்களில் இது ஆன்மாவைப் பற்றிய வழக்காகவே நடந்தது. 1853இல் எடுவர்ட் ஃப்ளூகர், தலையற்ற தவளையின் தோலில் அமிலத் துளியை இட்டார். அது அருகிலிருந்த காலால் துடைத்தது. அக்காலை வெட்டியபோது மறுகாலைக் கொண்டு துடைக்க முயன்றது. வழி அடைபட்டால் வேறு வழி தேடுகிறதே, அப்படியானால் தண்டுவடத்திலும் உணர்வு உண்டு என்றார் ஃப்ளூகர். தத்துவவாதி ஹெர்மான் லோட்ஸே இதை மறுத்தார். தண்டுவடத்துக்கு ஆன்மா உண்டா இல்லையா என்று ஜெர்மன் அறிவுலகம் ஆண்டுக்கணக்கில் வாதிட்டது. கோல்ட்ஸ் ஒரு சோதனையால் ஃப்ளூகருக்கு விடை சொல்ல முயன்றார். மூளை நீக்கப்பட்ட தவளையை நீரில் வைத்து மெல்லச் சூடேற்றினார். அது வெளியேற முயலாமலே இறந்தது. மூளையுள்ள தவளை தப்பிக்கப் போராடியது. மெதுவாகச் சூடேறும் நீரிலிருந்து தவளை தப்பாது என்று இன்று மேடைதோறும் அரசியல் உவமையாகச் சொல்லப்படும் கதையில் விடுபட்டுப்போனது அந்தத் தவளைக்கு மூளை இல்லை என்ற சிறு தகவல்தான்.

இதே கோல்ட்ஸ் 1874இல் செய்த இன்னொரு சோதனையை நம்மவர்கள் மேற்கோள் காட்டி நாம் கேட்டதில்லை. ஒரு பெண் நாயின் தண்டுவடத்தை முதுகின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டினார். இடுப்புக்குக் கீழே நிகழும் எதுவும் தண்டுவடத்தின் வழியே மூளைக்குத் தெரிய வழியில்லை. ஆயினும் அந்நாய் பருவத்துக்கு வந்தது, ஆண் நாயை ஏற்றது, சினையுற்றது, ஈன்றது, பாலூட்டவும் செய்தது. தலையற்ற தவளையைக் காட்டி "விருப்பம் தண்டுவடத்தில்" என்று ஒருவர் சொன்னால், இடுப்போடு நரம்புத் தொடர்பற்ற இந்த நாயைக் காட்டி "விருப்பம் தலையில்" என்று இன்னொருவர் சொல்லலாம். ஒரே ஆய்வாளர், ஐந்தாறு ஆண்டு இடைவெளியில், இரண்டையும் கண்டார். ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு முழு உயிரைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது கோல்ட்ஸின் பழக்கம் அன்று, நம்முடைய பழக்கம்.

*

தவளைக்கு அடுத்தபடியாக நம் கதைகளிலும் கவிதைகளிலும் அதிகம் உழைப்பது தயிர்க்கடைப் பூச்சி. கும்பிடுபூச்சி என்றும் சொல்வோம். பெண் பூச்சி புணர்ச்சியின்போது ஆணின் தலையைத் தின்றுவிடும், தலையற்ற ஆண் இன்னும் மும்முரமாகப் புணரும் என்ற செய்தி எத்தனை படைப்புகளில் பெண்ணின் கொடூரத்துக்கும் ஆணின் மூடத்தனத்துக்கும் குறியீடாகிவிட்டது என்று கணக்கெடுத்தால் ஒரு தொகுப்பே போடலாம். 1935இல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் ரீடர் இதன் பொறிமுறையை விளக்கினார். பூச்சிக்குத் தண்டுவடம் கிடையாது; வயிற்றுப்புறம் ஓடும் நரம்புக் கயிறும் அதில் முடிச்சுகளும் உண்டு. உணவுக்குழாய்க்கு அடியிலுள்ள ஒரு நரம்பு முடிச்சு, வால்பகுதி முடிச்சில் உள்ள புணர்ச்சி அசைவுகளை ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறது. தலை போனால் அடக்கும் முடிச்சும் போகிறது. அசைவுகள் கட்டவிழ்கின்றன.

சோதனை சரியானதே. அதிலிருந்து 'இதுவே அப்பூச்சியின் காதல்' என்று முடிவுகட்டியதுதான் தவறு. 1980களில் லிஸ்கே, டேவிஸ் என்ற இருவர் வேறொன்று செய்தார்கள். பெண் பூச்சிகளுக்கு வயிறார உணவிட்டு, அருகில் நின்று தொந்தரவு செய்யாமல், ஒளிப்பதிவுக் கருவியை மட்டும் வைத்துவிட்டு விலகினார்கள். தலை தின்னும் நிகழ்ச்சி அங்கே நடக்கவில்லை. அதற்குப் பதிலாக இரு பூச்சிகளும் நெடுநேரம் ஆடிய ஒரு இணைசேர்நடனம் பதிவாயிற்று. பசித்த பெண் பூச்சி வயல்வெளியிலும் ஆணைத் தின்பதுண்டு; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டினி போட்டு, சிறு கூண்டில் அடைத்து, விளக்கொளியில் வைத்துப் பார்த்த ஒன்றை அவ்வுயிரின் இயல்பு என்று அறிவித்த பிழையை அறிவியலே திருத்திக்கொண்டது. நம் படிமக் கிடங்கு இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

*

இங்கே கவனிக்க வேண்டியது, ரீடர் கண்ட அதே அமைப்பு பாலூட்டிகளிலும் இருப்பதே. 1967இல் ஃப்ராங்க் பீச், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய நீண்ட கட்டுரையில் அதைத் தெளிவாக வகுத்தார். விறைப்பு, விந்து வெளியேற்றம் போன்ற தெறிவினைகளின் அடிப்படைப் பின்னல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கிறது. மூளையின் முதன்மையான பணி அவற்றைத் தூண்டுவதைக் காட்டிலும், அவற்றை அடக்கி வைத்து உரிய தருணத்தில் விடுவிப்பதே. அதே ஆண்டு பெஞ்சமின் ஹார்ட், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட நாய்களிலும் எலிகளிலும் இத்தெறிவினைகளைத் தனித்தனியே பதிவு செய்தார். விதையடித்த எலிகளில் அவை மங்கின. டெஸ்டோஸ்டீரான் கொடுத்தபோது மீண்டன. அடுத்த ஆண்டு அந்த ஹார்மோனைத் தண்டுவடத்திலேயே வைத்துப் பார்த்தபோதும் அவை தூண்டப்பட்டன. 1990இல் லெஸ்லி மார்ஸனும் கெவின் மெக்கென்னாவும் அடக்கும் இடத்தையே கண்டார்கள். மூளைத்தண்டின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் அது. அதை அழித்தால், தண்டுவடத்தை வெட்டியதற்கு நிகராகத் தெறிவினை கட்டவிழ்ந்தது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளில் பல செரட்டோனினைத் தாங்கியவை. செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகளை உண்பவர்களில் பலருக்கு உச்சம் தாமதமாவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இதை வைத்துக்கொண்டு நம் ஒழுக்கவாதிகளுக்கு ஒரு சொல். 'மிருக இச்சை', 'விலங்குணர்ச்சி', 'ஐந்தறிவு ஜீவன்கள்போல' என்று நாளேடுகளும் மேடைகளும் சொல்லிவருகின்றன. வன்புணர்வுச் செய்தி எழுதும்போதெல்லாம் இச்சொற்கள் தவறாமல் வந்துவிடும். எலியின் மூளையும் தவளையின் மூளையும் தம் தெறிவினைகளை இரவும் பகலும் அடக்கி வைத்திருக்கின்றன. பருவம், இடம், ஆபத்து போன்றவற்றைப் பொறுத்தே அவ்வடக்கம் தளர்கிறது. கட்டற்ற மிருகம் என்று நாம் அழைப்பது காட்டில் இல்லை. ஆய்வகத்தில், மனிதன் கத்தியால் தலையைப் பிரித்த பிறகே அது தோன்றியது. மனிதன் செய்யும் கொடுமைக்கு விலங்கின் பெயரைச் சூட்டுவது, செய்தவனின் பொறுப்பைக் குறைத்து, செய்யாத உயிரின்மேல் பழியை ஏற்றுவதாகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, மக்களை ஆறறிவுயிர் என்ற கையோடு, அக்கிளையில் பிறவும் உண்டு என்று இடம்விட்டுத்தான் சொன்னது. அந்த நிதானம்கூட நம் மேடைகளுக்கு வாய்க்கவில்லை.

*

"சரி, எப்படியாயினும் அடிப்படைப் பின்னல் தண்டுவடத்தில்தானே, அது இயந்திரம்தானே" என்று முதல் தரப்பு கேட்கும். கேட்கட்டும். அந்த 'இயந்திரம்' எதனால் ஆனது என்று பார்ப்போம்.

ஆண் எலியின் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில், ஆண்குறியின் அடித்தசைகளை இயக்கும் ஒரு நரம்பணுத் தொகுதி உண்டு. பெண் எலியில் அது மிகச் சிறியது. மார்க் ப்ரீட்லவ், ஆர்தர் ஆர்னால்ட் ஆகியோர் 1980இல் இந்த வேறுபாட்டை வெளியிட்டபோது, ஹார்மோன் எழுதிய விதி என்றே பலரும் கொண்டார்கள். சீலியா மூர் என்ற ஆய்வாளர் தாய் எலிகளைக் கவனித்தார். தாய் தன் குட்டிகளின் பின்புறத்தை நக்குகிறது; பெண் குட்டிகளைவிட ஆண் குட்டிகளை அதிகம் நக்குகிறது; மணமே அதற்கு வழிகாட்டி. தாயின் மோப்பத்தைத் தடுத்தபோது நக்குவது குறைந்தது. அப்படி வளர்ந்த ஆண் குட்டிகளின் தண்டுவடத்தில் அந்தத் தொகுதியின் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன என்பதை 1992இல் மூரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். வளர்ந்தபின் புணர்ச்சியின் கதியும் மாறியிருந்தது. தாயின் நாக்கு மகனின் தண்டுவடத்தில் எழுதியிருக்கிறது. 1997இல் ப்ரீட்லவ் இன்னொன்றைச் சேர்த்தார். ஹார்மோன் அளவு ஒன்றாகவே இருந்தும், புணர்ந்து பழகிய ஆண் எலிகளின் அந்நரம்பணுக்கள், புணராதவற்றின் அணுக்களைவிடச் சிறியவையாக இருந்தன. தண்டுவடம் செயலை உண்டாக்குவதோடு, செயலும் தண்டுவடத்தை மாற்றுகிறது.

2002இல் வில்லியம் ட்ரூயிட், லிக் கூலன் ஆகிய இருவர் ஆண் எலியின் தண்டுவட இடுப்புப் பகுதியில் காலனின் என்ற பொருளைத் தாங்கிய ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை அடையாளம் கண்டனர். அதை மட்டும் தேர்ந்தழித்தபோது எலி பெண்ணை நாடியது, ஏறியது, புணர்ந்தது. விந்து மட்டும் வெளிவரவில்லை. விந்து வெளியேற்றத்தை இயற்றும் மையம் இதுவாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். கவனியுங்கள்: நாட்டம் வேறு, ஏறுதல் வேறு, முடிவு வேறு என்று பிரிந்து நிற்கிறது. 'காமம் ஓர் அனிச்சை' என்ற வாக்கியத்தில் எது எழுவாய் என்று இப்போது யாரேனும் சொல்ல முடியுமா? அந்நரம்பணுக்கள் மூளையின் தலாமஸ் பகுதிக்கும் இழைகளை அனுப்புகின்றன. கீழே நிகழ்ந்ததை மேலே சொல்லும் தூதும் அவையே.

மான்ட்ரியாலில் ஜேம்ஸ் ஃபௌஸின் ஆய்வகத்தில் 2013இல் வெளியான ஒரு சோதனையையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். இளம் ஆண் எலிகளுக்குச் சிறு மேற்சட்டை ஒன்றை அணிவித்து, முதல் புணர்ச்சி அனுபவங்களை அச்சட்டையோடே பெறச் செய்தார்கள். பின்னர் சட்டையைக் கழற்றியபோது அவற்றின் நாட்டமும் செயலும் தடுமாறின. எலிக்கும் ஒரு கடந்தகாலம் இருக்கிறது. பழகிய துணியின் தொடுகை இல்லாமல் அதன் 'இயந்திரம்' சரியாக ஓட மறுக்கிறது.

*

இவ்வாராய்ச்சிகளில் குறையே இல்லை என்று நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. பெரிய குறை ஒன்று உண்டு. நெடுங்காலம் இவை ஆணின் தெறிவினைகளையே அளந்தன. பெண் எலி முதுகை வளைத்து நிற்பது மட்டுமே அதன் பங்கு என்று எழுதப்பட்டது. அந்த வளைவே வெறும் தண்டுவடச் செயல் அன்று, தண்டுவடத்தை வெட்டினால் அது நின்றுபோகிறது என்பதை 1970களில் டொனால்ட் ஃபாஃப் குழுவினர் காட்டினார்கள். அதே காலத்தில் மார்த்தா மெக்கிளிண்டாக், சிறு கூண்டை விட்டு விரிந்த வெளியில் எலிகளை உலவவிட்டார். அங்கே அணுகுவதும் விலகுவதும் எப்போது என்று வேகத்தைத் தீர்மானித்தது பெண் எலி. பெண்ணின் செயலின்மை என்று பாடநூல்கள் சொன்னதில் ஒரு பகுதி, ஓட இடமில்லாத கூண்டின் பண்பு. பெண்ணியக் கோட்பாடுகளை மேற்கோளாகவே வாசிக்கும் நம் நண்பர்கள் இந்தக் கூண்டின் அளவையும் ஒரு பிரதியாக வாசித்தால் நல்லது.

இன்னொரு குறை, விலங்குகளின் துன்பம். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லெஸ்டர் ஆரன்சன் பல ஆண்டுகள் பூனைகளின் புலன்களைச் செயலிழக்கச் செய்தும், ஆண்குறியின் தொடு நரம்புகளைத் துண்டித்தும், மூளையின் சில பகுதிகளை நீக்கியும் அவற்றின் புணர்ச்சி நடத்தையை ஆராய்ந்தார். 1976இல் ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர் அருங்காட்சியக வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினார். ஓராண்டுக்கு மேல் அது தொடர்ந்தது. 1977இல் அச்சோதனைகள் நிறுத்தப்பட்டன. ஸ்பைரா கேட்டது நியாயமான கேள்வி: இந்த வலியால் யாருக்கு என்ன பயன்? ஆனால் அன்று செய்தித்தாள்களில் கிளம்பிய கூச்சலில் பாதி வலியைப் பற்றியது அன்று, காமத்தைப் பற்றியதே என்று நமக்குத் தோன்றுகிறது. பூனையின் வலியைவிடப் பூனையின் புணர்ச்சி என்ற சொல்லே பலரையும் கூசச் செய்தது. கூச்சத்தைக் கருணை என்று பெயர் மாற்றிக்கொள்வது எளிது. கருணை உள்ளவர் எலியின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அறுக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஸ்பைராவின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை இவ்வாராய்ச்சியை ஆதரிப்பவர்க்கு உண்டு. விடை, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. சாலை விபத்தில், மரத்திலிருந்து விழுந்ததில், கட்டடச் சாரம் சரிந்ததில் தண்டுவடம் முறிந்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். பெரும்பாலும் இளம் வயதினர். 2004இல் அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன், இத்தகைய காயமுற்ற 681 பேரிடம், எந்தச் செயல் மீண்டால் உங்கள் வாழ்வு அதிகம் மேம்படும் என்று கேட்டார். கையும் செயலிழந்தவர்கள் கையைக் கேட்டார்கள். கால்கள் மட்டும் செயலிழந்தவர்களில் அதிகம் பேர் முதலிடம் தந்தது நடப்பதற்கு அன்று, பாலியல் வாழ்வுக்கு. கேட்கப்படாதவரை யாரும் சொல்லாத விடை அது.

அவர்களுக்கு இவ்வாய்வுகள் என்ன தந்தன? காயம் மார்புப் பகுதியிலோ அதற்கு மேலோ இருந்தால் இடுப்புப் பகுதியின் பின்னல் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்ற அறிவைத் தந்தன. தொடுகையால் விறைப்பு நிகழலாம், அதிர்வுக் கருவியால் விந்தைப் பெறலாம், பிள்ளை பெறலாம். அதிர்வுக் கருவியை இதற்குப் பயன்படுத்தும் முறையை பிரிட்டனின் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1981இல் விரிவாக வெளியிட்டார். காயம் மார்பின் மேற்பகுதியில் இருப்போருக்கு அப்போது இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. 2017இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், எலியில் கண்டதற்கு இணையான நரம்பணுக் கூட்டத்தை மனிதத் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியிலும் கண்டார்கள். பெண்கள் விஷயத்தில் பாரி கோமிசாருக்கும் பெவர்லி விப்பிளும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. தண்டுவடம் முற்றிலும் முறிந்த பெண்களில் சிலர் உச்சத்தை உணர்ந்தார்கள். கருப்பைவாயிலிருந்து, தண்டுவடத்தைத் தொடாமல் உடலின் உட்புறமாகவே மூளைக்கு ஏறும் வேகஸ் நரம்பு அதற்கு வழி செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். உங்களுக்கு எதுவும் உணர முடியாது என்று மருத்துவர்களால் சொல்லப்பட்டவர்களின் சாட்சியம் கடைசியில் படப்பதிவுக் கருவியில் உறுதியாயிற்று.

*

இனி நம் வழக்கின் மையத்துக்கு வருகிறோம். மேலே சொன்னவற்றில் ஒன்றையாவது தமிழில் படித்திருக்கிறீர்களா? பரபரப்புப் பத்திரிகையின் அந்தரங்கக் கேள்விபதில் பக்கத்தை விட்டுவிடுங்கள். பொறுப்பான உரைநடையில், கிளுகிளுப்பும் கூச்சமும் இல்லாமல் எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை? முதுகு முறிந்து, அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் இருபத்தைந்து வயது இளைஞன் தன் தாய்மொழியில் இதைத் தெரிந்துகொள்ள நாடக்கூடிய நூல் எது? அவனைக் கட்டிக்கொண்டவள் யாரிடம், எந்தச் சொல்லால் கேட்பாள்? நம் மொழியில் இதற்குக் கொச்சைச் சொற்கள் உண்டு, வசைச் சொற்கள் உண்டு, மங்கலமான மறைப்புச் சொற்கள் உண்டு. நேராகச் சொல்லும் சொற்கள் இல்லாமல் இல்லை; அவற்றைப் புழங்கவிடாமல் வைத்திருக்கிறோம். அகத்திணைக்கு இலக்கணம் கண்ட மொழி என்று மேடையில் மார்தட்டுவதும், பாடநூலின் இனப்பெருக்க மண்டலப் பாடத்தை "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போவதும் ஒரே நாளில் ஒரே ஆசிரியரால் செய்யப்படுகின்றன.

இந்த மௌனத்துக்குப் பொறுப்பு ஒழுக்கவாதிகளுக்கு மட்டும் அன்று. 'எல்லாம் அனிச்சை' என்று ஏளனம் செய்யும் அறிவுஜீவியும் அதே மௌனத்தைத்தான் வேறு குரலில் பேசுகிறார். தெறிவினைக்குப் பொருள் இல்லை என்றால் அதை இழந்தவனின் துயருக்கும் பொருள் இல்லை என்றாகிவிடுகிறது. உடல் தானாகச் செய்வது கீழானது என்று கொண்டால், உணர்வின்றி நிகழும் விறைப்பைக் கண்டு கலங்கும் ஒருவனிடம், அது உன் உடல் உனக்காக வைத்திருக்கும் மிச்சம் என்று யார் சொல்வது? தண்டுவடம் உணரவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஃப்ளூகருக்கும் லோட்ஸேக்கும் இடையிலான வழக்கில் நாம் லோட்ஸேயின் பக்கமே நிற்கிறோம். ஆனால் உணராத ஒன்று பொருளற்றது என்பது எந்த ஆய்வகமும் கண்ட முடிவன்று. யாப்பை நினைந்து நினைந்து எழுதுபவன் கவிஞனாவதில்லை. அது அவன் கையில் படிந்து தானாக வரும்போதுதான் கவிதை வருகிறது. அதனால் அக்கவிதையை 'வெறும் பழக்கம்' என்று நாம் தள்ளிவிடுவதில்லையே.

ஆகவே நாம் கோருவது இவ்வளவே. தலையற்ற தவளையை இனி அவைக்கு அழைப்பவர்கள், கோல்ட்ஸின் நாயையும் மூரின் தாய் எலியையும் உடன் அழைத்து வரட்டும். தயிர்க்கடைப் பூச்சியைப் பெண்ணுக்கு உவமையாக்குபவர்கள், அது பசித்திருந்ததா என்று ஒருமுறை விசாரிக்கட்டும். 'மிருக இச்சை' என்ற தொடரை நம் பத்திரிகைகள் கைவிடட்டும். 'அனிச்சை' என்ற சொல்லைக் கைவிட முடியாவிட்டாலும், அதன் உள்ளே இருக்கும் தீர்ப்பை அறிந்தாவது பயன்படுத்துவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிற்றிதழ்களில் எழுதும் திறன் படைத்தவர்கள், பிரெஞ்சுத் தத்துவத்தை மொழிபெயர்க்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் முதுகு முறிந்தவர்களுக்கான ஒரு கையேட்டை நல்ல தமிழில் எழுதுவதற்குச் செலவிடட்டும். அதற்கு வேண்டிய உண்மைகளை இருநூற்றைம்பது ஆண்டுகளாக எண்ணற்ற தவளைகளும் நாய்களும் எலிகளும் பூனைகளும், தாம் கேட்காமலேயே, நமக்காக விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கின்றன. அதை மேடையில் ஒரு கேலிக்குச் செலவழிப்பது அவற்றுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.